கேபிள் கதவில் ஒரு கை

வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்றபோது காலை மணி பதினொன்று. திருநகர் தாண்டி திருமங்கலம் ரோட்டோரமாக இருந்த தகர ஷெட் அது. டிவி சேனல்காரர்கள் நேரலைக்கு எடுத்துப்போகும் பெரிய வண்டி. வடக்கே எங்கோ ஏலத்தில் எடுத்ததாம். உள்ளே இருந்த பழைய ஒயர்களையும் கருவிகள் அடுக்கும் ரேக்குகளையும் பிடுங்கிவிட்டு, புது யூபிஎஸ், புது பேட்டரி, புது ரேக்குகள் எல்லாம் மாட்ட வேண்டும். வண்டியூர் தெப்பத் திருவிழா நேரலைக்குப் பத்தே நாள்தான் இருந்தது.

முகேஷ் கதவைத் திறந்தான். முதலில் வாடைதான் வந்தது. முடி கருகினால் வருமே, அந்த மாதிரி.

"எலி கிலி செத்துருக்கும் மாப்ள. மூக்கப் பொத்திக்கிட்டு ஏறு" என்றார் சுருளி.

சுருளிக்கு ரேக் வேலையில் பதினைந்து வருஷப் பழக்கம். முகேஷ் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒயர்மேன். எதற்கெடுத்தாலும் பயப்படுவான். அதனாலேயே சுருளிக்கு அவனைப் பிடிக்கும். பயப்படுகிறவன்தான் அவசரப்பட்டு ஸ்விட்சைத் தட்ட மாட்டான் என்பார்.

பழைய ரேக்கைத் தூக்கியதும் கீழே இருந்த ரப்பர் விரிப்பு பிய்ந்து வந்தது. தகரத் தரையில் இரண்டு கருகல் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு ஆள் நின்றால் குதிகால் படுகிற அளவுக்கு.

முகேஷ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, கோலமா போட்டுருக்கு? பாத்துக்கிட்டே நிக்கிற?" என்று சொல்லிவிட்டு, சுருளி அந்தத் தடத்தின்மேலேயே ட்ரில்லை வைத்தார். புது ரேக்கின் முதல் போல்ட் அங்கேதான் இறங்கியது.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்குக் கரண்ட் வருவது வெளியே சுவரில் இருக்கும் பழைய போர்டிலிருந்து. அதில் வெள்ளைப் பீங்கானில் ஒரு பீஸ் கேரியர். அதைப் பிடுங்கினால் வண்டிக்குள் கரண்ட் கிடையாது. திரும்பச் சொருகுவதற்கு முன்னால், "போடட்டா?" என்று மூன்று தடவை கூவ வேண்டும். உள்ளே இருக்கிற ஆள் "போடு" என்று சொன்ன பிறகுதான் சொருகலாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் முகேஷ் கூவினான்.

"போடட்டா? போடட்டா? போடட்டா?"

"போடு."

சொருகினான். வண்டிக்குள் விளக்கு எரிந்தது. திரும்பினால், ரோட்டுக்கு அந்தப் பக்கத்து டீக்கடையிலிருந்து கையில் வடைப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தார் சுருளி.

"அண்ணே, உள்ள யாருண்ணே இருக்கா?"

"ஏன், உன் மாமனாரா இருக்காரு? நான்தான் வெளிய நிக்கிறேனே."

ஏறிப் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. ரேக்குகளுக்கு நடுவே வெக்கை மட்டும் நின்றது. அந்த வாடையும்.

சுருளி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "இனிமே குரலெல்லாம் கணக்குல கெடையாது. கேரியர உள்ள இருக்கவன் பைல வச்சுக்கணும். கைல குடுத்தாத்தான் போடணும். சரியா?" என்றார்.

சரி என்றான்.

ஏழாம் நாள். ரேக்கின் பின்பக்கம் கரண்ட் ஓடும் தாமிரப் பட்டைகளைப் போல்ட் போட்டு முறுக்கும் வேலை. காலையில் தகரம் கிழித்ததில் சுருளியின் பெருவிரலில் ரத்தம். ஒயர்காரன் மருந்துக்கா போவான்? சிவப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றிக்கொண்டு, கேரியரைப் பையில் போட்டபடி உள்ளே ஏறினார்.

முகேஷ் வெளியே நின்றான். வண்டியின் அடிப்பக்கத்தில் கேபிள் நுழைவதற்கு ஒரு சின்னக் கதவு இருந்தது. அரைமணி நேரம் கழித்து அது மெல்லத் திறந்தது.

ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கையில் பீஸ் கேரியர்.

"போடு."

கிசுகிசுப்பாகத்தான். ஆனால் சுருளியின் குரல்.

வாங்கிக்கொண்டான். பீங்கான் சுட்டது. போர்டுக்குப் போனான். துவாரத்தில் வைத்துப் பாதி அழுத்திவிட்டான்.

அந்தக் கையில் வேர்வை இல்லையே.

உள்ளே அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது. சுருளிக்குத் தண்ணி ஊற்றியது போல வேர்க்கும். அந்தக் கை சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தது.

பெருவிரலில் டேப்பும் இல்லை.

அவன் கையை இழுத்துக்கொண்டான். கேரியர் பாதியில் நின்றது. அதைப் பிடுங்கிப் பார்த்தான். வெள்ளையாக இல்லை. கருகிப்போன பழைய பீங்கான்.

ஓடிப்போய் வண்டியில் ஏறினான். ரேக்குக்குப் பின்னால் சுருளி குந்தியிருந்தார். காதில் இயர்போன். இரண்டு கையும் தாமிரப் பட்டைமேல் இருந்தது. பெருவிரலில் சிவப்பு டேப்.

"என்ன மாப்ள, வெளுத்துப்போயி நிக்கிற?"

முகேஷ் சுருளியின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். வெள்ளைக் கேரியர் அங்கேயே இருந்தது. பிறகு தன் கையில் இருந்ததைக் காட்டினான்.

சுருளி பட்டையிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார்.

வண்டி குறித்த நாளில் போய்விட்டது. கருகிய கேரியரைச் சுருளி சுத்தியலால் பொடியாக்கிச் சாக்கடையில் கொட்டினார். முகேஷுக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. அந்தப் பீங்கானைப் பிடித்த வலது கை மட்டும் மரத்துப்போயிருந்தது. டீ கிளாஸ் சுட்டது தெரியவில்லை. ஊசியால் குத்திப் பார்த்தான். ரத்தம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. காளவாசலில் அவன் தங்கியிருந்த மாடி அறையில் ஃபேன் ஓடவில்லை. கீழே இறங்கி மீட்டர் பெட்டியிலிருந்து கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஸ்டூலில் ஏறி இரண்டு கையாலும் ஃபேன் ஒயரைப் பிரித்தான். போன் கட்டிலில் கிடந்தது. வேலைக்கு நடுவில் தங்கச்சிக்குப் பேசியே செய்தி எழுதுவது அவன் பழக்கம். அவன் சொல்லச் சொல்லத் திரையில் எழுத்து விழும்.

"மீனா, வேலை முடிஞ்சிருச்சு. சுருளி அண்ணே நல்லா இருக்காரு. நானும் நல்லா இருக்கேன். அம்மாட்ட கவலப்படாம இருக்கச் சொல்லு."

நிறுத்தினான். தெருவில் ஆட்டோ ஒன்று போனது. பிறகு சத்தமே இல்லை.

திரையில் ஒரு சொல் விழுந்தது.

போடட்டா

அவன் வாயைத் திறக்கவில்லை.

போடட்டா

கருகிய முடி வாடை மாடிப்படி வழியாக மேலே வந்தது.

போடட்டா

மூன்று தடவை ஆகிவிட்டது. முகேஷ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒயரை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தான். இடது கை விட்டுவிட்டது. அதை மெதுவாகக் கீழே கொண்டுவந்து சட்டைப் பையைத் தொட்டான்.

பை தட்டையாக இருந்தது. கேரியர் இல்லை.

வலது கை ஒயரை விட்டதா, இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதா, அவனுக்குத் தெரியவில்லை.