பின்னால் வராத விளம்பரம்

வியாழக்கிழமை, காலை 9.10.

ஒழுகும் கூரைகளை அடைத்துக் கொடுக்கும் நிறுவனத்தின் முதலாளி தன் அறையில் உட்கார்ந்து தன்னையே தேடிக்கொண்டிருந்தார்.

முந்தைய நாள் வாங்கிய புது டேப்லெட். அதில் தன் நிறுவனத்தின் இணையதளத்தைப் பன்னிரண்டு முறை திறந்து மூடியாகிவிட்டது. பிறகு செய்தி படித்தார், விளையாட்டு முடிவுகளைப் பார்த்தார், முழங்கால் வலிக்குத் தைலம் தேடினார். எங்கேயும் அவர் வரவில்லை. வழக்கமாக வருவார். அந்தத் தளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கைகட்டி நிற்கும் முதலாளியின் படமும் 'உங்கள் கூரை, என் கௌரவம்' என்ற வாசகமும் விடாமல் கூடவே வரும். அதைப் பார்த்துக் கூரை ஒழுகியவர்கள் மகிழ்ந்தார்களோ என்னவோ, முதலாளி ரொம்பவே மகிழ்ந்திருந்தார்.

9.25. விளம்பரக் கம்பெனியின் கணக்கைத் திறந்து பார்த்தார்கள். தளத்துக்கு வந்தவர்களின் பட்டியலில் செவ்வாய்க்கிழமை முற்பகலுக்குப் பிறகு ஒரு தலைகூடப் புதிதாகச் சேரவில்லை.

9.30. முதலாளி குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். ஐந்து நிமிடம் ஆனது, அதில் மூன்று நிமிடம் காபி.

குற்றவாளி, தளத்தைப் பராமரிக்கும் பெண். திங்கட்கிழமைதான் அவள் அதில் ஒரு ப்ளக்-இன் போட்டிருந்தாள். வருகிறவர்களை எண்ணவும், விளம்பரத்தை அவர்கள் பின்னால் அனுப்பவும் தளத்தில் செருகிவைக்கும் சின்ன மென்பொருள் அது. அதில் இரண்டு கட்டங்கள்: ஒன்றில் எண்ணிக்கைக்கான நம்பர், மற்றதில் விளம்பரக் கணக்கின் நம்பர். யாருடைய நம்பரோ, அவருடைய விளம்பரம்தான் பின்னால் போகும். அன்றைக்கே இருவருக்கும் வாய்த்தகராறு. முகப்பில் தன் படம் இன்னும் பெரிதாக வேண்டும் என்றார் முதலாளி. "ஜனங்க கூரையைப் பாக்க வர்றாங்க சார், உங்களை இல்ல" என்று அவள் சொல்லிவிட்டாள்.

9.50. முதலாளி தன் வணிகர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தைப் போட்டு 'நம்பிக்கைத் துரோகி, உஷார்' என்று எழுதினார். குழுவில் நானூறு பேர். அவள் தனியாளாக ஏழு நிறுவனங்களின் தளங்களைப் பார்த்து வயிற்றைக் கழுவுகிறவள். பத்தரை மணிக்குள் ஏழில் இரண்டு பேர் "இனிமே வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

10.40. முதலாளியின் அக்கா வந்து சேர்ந்தார்.

காவல் துறையில் முப்பத்தொரு வருடம் சுருக்கெழுத்தில் வாக்குமூலம் எழுதி ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவருக்கு ஸ்டெனோ அக்கா என்றே பெயர். துப்பறிவதற்காக அவரை யாரும் கூப்பிடவில்லை. புகார் மனுவைப் பிரமாதமாக எழுதித் தருவார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"எழுதுக்கா. சர்வதேசச் சதின்னு ஆரம்பி."

"எந்தெந்த தேசம் தம்பி?"

முதலாளி பேச்சை மாற்றினார்.

"புகார் எழுதணும்னா நடந்தது தெரியணும்" என்று அக்கா நோட்டைப் பிரித்தார். "மொதல்ல அந்தப் பொண்ணைக் கூப்பிடு. நம்பர் யார்கிட்ட இருக்கு?"

மாப்பிள்ளையிடம் இருந்தது. முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். மேசையில் கனத்த பித்தளைப் பலகை: 'இயக்குநர், டிஜிட்டல் வளர்ச்சி'. ஏலம் போடுகிறவர் வேகத்தில் போனைப் பார்த்துப் படித்தார்.

"எழுதிக்கங்க பெரியம்மா. ஆறு நாலு எட்டு, மூணு ஒன்னு, ரெண்டு அஞ்சு, ஒம்பது."

ஸ்டெனோ அக்கா காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுகிறவர். எழுதினார், அழுத்தினார்.

"பல் ஆஸ்பத்திரி. எந்தப் பல்லு?" என்றது போன்.

"பல்லில்லைங்க, கூரை" என்றார் அக்கா. எதிர்முனையில் வைத்துவிட்டார்கள்.

முதலாளி இழுப்பறையைக் கிளறி அந்தப் பெண்ணின் விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தார். அக்கா கார்டைப் பார்த்தார், தன் நோட்டைப் பார்த்தார், மறுபடி அழுத்தினார்.

11.05. அவள் வரும்வரை மாப்பிள்ளையை விசாரித்தார்.

"செவ்வாய்க்கிழமை முற்பகல் எங்க இருந்தீங்க?"

"ஒரு கஸ்டமர் வீட்டு மாடியில. ஊருக்கு அந்தக் கோடி. போட்டோ இருக்கு, நேரத்தோட."

"கேக்கறதுக்கு முன்னாடியே போட்டோவா?"

"எதையும் ஆவணப்படுத்துறது என் வழக்கம் பெரியம்மா."

படம் உண்மைதான். மணி 11.15, மாடி, தொப்பி, மாப்பிள்ளை. கையில் போன்.

அடுத்தது, வாசல் மேசையில் இருக்கும் எழுத்தர். இருபது வருடமாக அவர் வாயிலிருந்து வந்த ஒரே பதில் 'சரிங்க' என்பதால் ஊழியர்கள் வைத்த பெயரும் அதுவே. அவர் எதிரிலிருந்த கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. தளத்துக்குள் நுழைவதற்கான பயனர் பெயர், கடவுச்சொல், எல்லாம் அதில் கொட்டை எழுத்தில். கூரியர்காரர் கூடப் படிக்கலாம்.

"செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என்ன வேலை பண்ணீங்க?"

"சொன்னதைப் பண்ணேங்கம்மா."

"யார் சொன்னதை?"

"யார் சொன்னாலும்."

உள்ளிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "அக்கா, அவரை ஏன் கேக்குற? நாற்காலியைக் கேக்குற மாதிரி." சரிங்க தலையாட்டினார்.

12.10. அந்தப் பெண் வந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் உடையவில்லை.

"ரெண்டு கிளையண்ட் போயிட்டாங்க மேடம். மூணாவது ஆள் இப்பதான் பேசினார். 'நாலு மணி வரைக்கும் பாப்பேன், உன் பேர் சுத்தமாகலன்னா எங்க தளத்தோட பாஸ்வேர்டைக் குடுத்துடு'ன்னார்."

"நாலு மணியா, சரி. நீ பாத்ததைச் சொல்லு."

லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். தளம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருந்தது. திங்கள் 4.10: அவள் தன் பெயரில் நுழைந்து முதலாளியின் இரண்டு நம்பர்களையும் போட்டது. செவ்வாய் 11.22: எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல்லில் யாரோ நுழைந்து, விளம்பர நம்பரை மட்டும் மாற்றியது. அலுவலக இணைப்பிலிருந்து.

"செவ்வாய்க்கிழமை நீ இங்க வந்தியா?"

"வந்தேன். பதினொன்னுல இருந்து பதினொன்னே முக்கால் வரைக்கும். சார் போட்டோ தர்றேன்னார். அந்தக் கூடத்துல, வாசலுக்கு எதிர்ப்பக்கமா லேப்டாப்போட உக்காந்திருந்தேன்."

"எழுதிக்கோக்கா" என்றார் முதலாளி. "அவளே ஒத்துக்கிட்டா."

"வந்ததை ஒத்துக்கிட்டா தம்பி. நீயும்தான் வந்திருந்த." அக்கா அவள் பக்கம் திரும்பினார். "மாத்தின நம்பர் யாரோடது?"

"அதான் புரியல மேடம். 419270683. விளம்பரக் கம்பெனில கேட்டேன். அப்படி ஒரு கணக்கே இல்லையாம்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தியா. திருடக்கூட இல்ல, வேணும்னே நாசம் பண்ணியிருக்கா. பழிவாங்கல்."

"பாவம், சின்னப் பொண்ணு" என்றார் மாப்பிள்ளை. "கேஸ் எல்லாம் வேண்டாம் மாமா. வேலையை விட்டு அனுப்பிட்டா போதும். நாளைக்கே நான் வேற ஆள் பாக்குறேன்."

அந்தக் கருணையை ஸ்டெனோ அக்கா நோட்டில் அப்படியே குறித்துக்கொண்டார். முப்பத்தொரு வருடத்தில் அவர் கேட்ட கருணைகளில் பாதி, கேஸ் வேண்டாம் என்றுதான் தொடங்கியிருந்தது.

1.30. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அக்கா போகவில்லை. அந்த ஒன்பது எண்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாசம் செய்ய வந்தவர் நம்பரை அழித்துவிட்டுப் போயிருப்பார், ஒரு தட்டு போதும். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்பது எண்களை மெனக்கெட்டு அடித்து வைக்கும் நாசகாரர் எந்த ஊரிலும் இல்லை. திருட வந்தவர் என்றால் தன் நம்பரைப் போட்டிருப்பார், தப்பில்லாமல் போட்டிருப்பார்.

அப்படியானால் திருடியது ஒரு வாய். அடித்தது வேறொரு கை.

2.05. அவர் அந்தப் பெண்ணை அழைத்து, தாளில் ஒரே ஒரு எண்ணை அடித்துத் திருத்திக் கொடுத்தார். "இது வேற எந்தத் தளத்துலயாவது இருக்கான்னு தேட முடியுமா?"

"முடியும் மேடம். அதுக்குன்னே இடம் இருக்கு."

2.20. அவள் திரையை அக்கா பக்கம் திருப்பினாள். அக்கா பார்த்துவிட்டு, எல்லோரையும் மூன்று மணிக்கு வரச் சொன்னார்.

3.00. முதலாளியின் அறை. முதலாளி, மாப்பிள்ளை, அந்தப் பெண், கதவோரம் சரிங்க.

"மனு ரெடியாக்கா?"

"ஒரு சின்ன சந்தேகம். தம்பி, இதைப் படி." கார்டை நீட்டினார்.

"அறுநூத்தி நாப்பத்தெட்டு, முப்பத்தொன்னு, அம்பத்தஞ்சு, ஒம்பது" என்றார் முதலாளி. எண்களிலும் அவருக்குக் கௌரவம் வேண்டும்.

"நீ எப்படிம்மா சொல்லுவ?"

"ஆறு நாலு எட்டு மூணு ஒன்னு, டபுள் அஞ்சு, ஒம்பது."

"மாப்பிள்ளை காலையில சொன்னது என் நோட்டுல இருக்கு. 'ரெண்டு அஞ்சு.' ரெண்டு தடவை அஞ்சுன்னு அவர் அர்த்தம். ரெண்டு, அப்புறம் அஞ்சுன்னு நான் எழுதினேன். அவரு சொன்னதும் ரெண்டு எண், நான் எழுதினதும் ரெண்டு எண். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அதனால தப்புன்னே தெரியாது. பல் ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னாத்தான் தெரியும்."

மாப்பிள்ளை சிரித்தார். "அதுக்கும் இதுக்கும் என்ன பெரியம்மா?"

"ப்ளக்-இன்ல இருக்கற நம்பர்ல நடுவுல ரெண்டு ஏழு வருது. நாலு ஒன்னு ஒம்பது, ரெண்டு, ஏழு. அதை ரெண்டு தடவை ஏழுன்னு எடுத்துக்கிட்டா 419770683. அப்படி ஒரு கணக்கு இருக்கு. ஒரு புதுத் தளத்துல இருக்கு. காட்டும்மா."

அவள் திரையைத் திருப்பினாள். புதுக் கூரை அடைப்பு நிறுவனம். 'விரைவில் உதயம்.' கீழே தொப்பியோடு மாப்பிள்ளை. கைகட்டித்தான் நின்றார்.

அக்கா நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"மாமாவோட தளத்துக்கு வர்றவங்க பின்னாலயெல்லாம் இவரோட விளம்பரம் போகணும். அதான் ஏற்பாடு. தன் பேர்ல நுழையக் கூடாது, வீட்டுல இருந்து நுழையவும் கூடாது. அந்தப் பொண்ணு கூடத்துல உக்காந்திருக்கற நேரமாப் பாத்து, மாடியில போட்டோவும் எடுத்துக்கிட்டு, போன்ல நம்பரைச் சொன்னாரு." அக்கா கதவுப் பக்கம் திரும்பினார். "ஏங்க, போன்ல யாரு சொன்னது?"

சரிங்க முதலாளியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு சொன்னாங்கம்மா."

"இப்ப நான் சொல்லுங்கன்னு சொல்றேன்."

"சரிங்க. மாப்பிள்ளைதாங்க. சிஸ்டம் அப்டேட்டுன்னார். நம்பரைச் சொன்னார், நான் கேட்டதை அடிச்சேன்."

"மாமா, அது சும்மா ஒரு டெஸ்ட்" என்றார் மாப்பிள்ளை. போனையும் சாவியையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். பித்தளைப் பலகையை எடுத்துக் கொடுக்க யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

முதலாளி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். ஒரே நாளில் அவர் அளவு குறைந்துவிட்டது போலிருந்தது.

"அக்கா, இது வெளிய போக வேண்டாம். என் பொண்ணோட வாழ்க்கை. நம்பரை மாத்திட்டு அமைதியா விட்டுடலாம். இந்தப் பொண்ணுக்கும் ஒரு நல்ல பரிசு ஏதாவது..."

"எனக்குப் பரிசு வேண்டாம் சார்" என்றாள் அவள். "நானூறு பேர்கிட்ட சொன்னீங்க. அந்த நானூறு பேர்கிட்டயே சொல்லுங்க."

3.30. முதலாளி குழுவைத் திறந்தார். விரல் போகவில்லை. கடைசியில் எழுதிப் படித்துக் காட்டினார்: "தொழில்நுட்பக் காரணங்களால் ஒரு தவறு நடந்துவிட்டது."

"யாரு நடத்தினா?" என்றார் ஸ்டெனோ அக்கா.

"தவறுதானேக்கா. நடந்துடுச்சு."

"தம்பி, முப்பத்தொரு வருஷம் எழுதியிருக்கேன். கத்திக்குத்து நடந்துடுச்சு, பூட்டு உடைஞ்சுடுச்சு, பணம் காணாமப் போயிடுச்சுன்னு சொல்லாத ஆள் கிடையாது. எதுவும் தானா நடக்கறதில்ல. திருத்து."

"'நடத்தப்பட்டது'ன்னு போடவா?"

"போடாத."

மாப்பிள்ளை பெயர் அதில் வரவில்லை. அதை அக்காவும் கேட்கவில்லை, அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. அவள் கேட்டது தன் பெயரை மட்டும்தான்.

3.52. குழுவில் நானூறு பேர் படித்தார்கள்: 'தளத்தைப் பராமரிக்கும் பெண்மீது எந்தக் குற்றமும் இல்லை. விசாரிக்காமல் பழி போட்டது நான். தவறு செய்துவிட்டேன்.'

கடைசி வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் அடிக்க முதலாளிக்குப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.