ஒளிராத புரதம்

காலை 9.10. நுண்ணோக்கித் திரை இருண்டு கிடந்தது. செல்லுக்குள் சரக்குப் பைகளை இழுத்துச் செல்லும் புரதம் அதில் பச்சையாக ஒளிர்ந்திருக்க வேண்டும். அதில் ஒட்டிக்கொண்டு அதை ஒளிரவைக்க வேண்டியது ஒரே செல்லின் வாரிசுகள் சுரந்த ஆன்டிபாடி; அந்தப் புரதத்தைத் தவிர வேறெதையும் தொடாதது, இன்று அதையும் தொடவில்லை.

“குப்பியை வெளியில வச்சு மறந்திருப்ப,” என்றார் ஆய்வுக்கூடத் தலைவி, ஆன்டிபாடியைத் தயாரித்த ஆய்வாளரிடம். “சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லைன்னா இந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்.”

அவளுடைய நான்கு வருட உழைப்பு. பக்கத்து மேசையில் வேலை பார்த்த அவள் கணவன் எழுந்து வந்தான். எதையும் தோண்டித் துருவுகிறவன் என்பதால் அவனுக்கு அங்கே ‘துப்பு’ என்று பெயர்.

“வெளியில வச்சியா?”

“இல்லைங்க. எடுத்தா ஐஸ் டப்பாவிலதான். முடிஞ்சதும் உள்ளே.”

“எந்த ஃப்ரீசர்?”

“புதுசுதான். நீங்கதானே மாத்தி வச்சீங்க, என் நகம் பிஞ்சப்போ?”

கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. பழைய ஃப்ரீசரில் ஐஸ் பாறையாக இறுகும். அதைச் சுரண்டப்போய் அவள் விரலில் ரத்தம். அன்றைக்கே குப்பியைப் புதியதற்கு மாற்றிவிட்டான்.

இப்போது பழையதைக் குடைந்தான். மூலை ஐஸுக்குள், அந்தக் குப்பியோடு ஒரே நாளில் தயாரித்த ஆன்டிபாடியின் இன்னொரு சிறு குழாய் சிக்கியிருந்தது. சோதித்தான். திரையில் பச்சை பளிச்சென்று எரிந்தது. அவள் தயாரித்ததில் பிழையில்லை.

புதிய ஃப்ரீசரின் சுவரைத் தடவினான். துடைத்துவிட்டதுபோல் காய்ந்திருந்தது. இத்தனை மாதமாக யாரும் சுரண்டவேயில்லையே, ஐஸ் எங்கே போயிற்று? அந்த ஃப்ரீசரின் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தான்.

மாலை 4.30.

“குற்றவாளி கிடைச்சாச்சு, மேடம். நான்தான்.”

தலைவி நிமிர்ந்தார்.

“ஐஸ் கட்டாம இருக்க இந்த ஃப்ரீசர் அப்பப்போ தானே சூடாகுது. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபாடி உருகி, மறுபடி உறைஞ்சு, கட்டி கட்டியாகி வீணாப்போச்சு. ஐஸ் இல்லைன்னு சந்தோஷப்பட்டேன். ஏன் இல்லைன்னு கேக்கல. அவ மேல தப்பே இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வேலை அவகிட்டயே இருக்கட்டும். இதைச் சுரக்கிற செல்லெல்லாம் திரவ நைட்ரஜன்ல தூங்கிட்டுத்தான் இருக்கு. எழுப்பும்மா. துப்பு, நீ மட்டும் எதையும் மாத்தி வைக்காதே!”

தலைகுனிந்து நின்றவனின் கையை, முதுகுக்குப் பின்னால் அவள் பிடித்துக்கொண்டாள். நகம் முழுசாக வளர்ந்திருந்தது.