கட்டத்துக்குள் மூன்று கைகள்

திரும்பி வந்த வீடியோவுக்குக் கீழே காரணம் என்று ஒரே வரிதான் இருந்தது: கட்டத்துக்குள் மூன்று கைகள்.

மாலதிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கைகளுக்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, மூன்றாவதாக ஒன்று இருந்தால் எவ்வளவு சௌகரியம். செம்மண்டலத்து மாடி வீட்டில் பகலெல்லாம் அவள் ஒருத்திதான். கணவன் இளவரசு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மகள் கயல்விழி ஒன்றாம் வகுப்பு. அவளை நான்கு மணிக்குத்தான் வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். கீழ் வீட்டுப் பட்டம்மாள் முழங்கால் வலிக்காரி, மாடிப்படி ஏறி ஒரு வருஷம் ஆகிறது. பிறகு யாருடைய கை?

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்வதுதான் அவளுடைய உத்தியோகம். பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டோடு கிடந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. பார்க்க எல்லோரும் போடுகிற கறுப்புப் பிரேம்தான். வலது மூலையில் மிளகு அளவுக்கு ஒரு கேமரா. இடது மூலையில், பதிவாகும்போது மட்டும் எரிகிற ஒரு வெள்ளைப் புள்ளி. அது போட்டிருப்பவருக்குத் தெரியாது, எதிரில் இருப்பவருக்குத்தான் தெரியும். காதுக்கு மேல் போகிற காம்புக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர். அது காதை அடைக்காது. தோளுக்குப் பின்னால் ஒருத்தி நின்று பேசுவதுபோல் மெதுவாகச் சொல்லும்: "பதிவு தொடங்கியது. இரண்டு கைகளும் தெரியும்படி வேலை செய்யவும்." அவள் துண்டு மடிப்பாள், பாத்திரம் துலக்குவாள், காய் நறுக்குவாள். ஒவ்வொரு வேலையும் நாற்பது தடவை. அந்தப் படமெல்லாம் போனுக்குள் போய், அங்கிருந்து எங்கேயோ போகும். எங்கேயோ இருக்கிற ரோபோக்கள் அதைப் பார்த்துப் பார்த்து வீட்டு வேலை கற்றுக்கொள்ளுமாம். சிதம்பரத்தில் இருந்துகொண்டு ஆள் சேர்க்கிற ஜெயப்பிரகாஷ் அப்படித்தான் விளக்கியிருந்தான். குழந்தைகள் மட்டும் கட்டத்துக்குள் வரவே கூடாது என்பது கண்டிப்பு.

மாலதிக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் ஆறு. கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட முடியாதே என்று கம்பெனிக் கண்ணாடியிலேயே தன் பவருக்கு லென்ஸ் போட்டுக்கொண்டாள். பழைய கண்ணாடியின் மேல் கயல்விழி உட்கார்ந்து உடைத்தபோதுகூட அவள் கவலைப்படவில்லை. காலையில் கண் விழித்ததும் மாட்டினால் படுக்கும்போதுதான் கழற்றுவாள். அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தாள், பாவம்.

வீடியோவைத் திறந்து பார்த்தாள். கட்டில், நீலத் துண்டு, கண்ணாடி வளையல்களோடு அவளுடைய இரண்டு கைகள். இடது ஓரத்தில், மெத்தையின் மேல் கவிழ்ந்தபடி இன்னொரு கை. வளையல் இல்லை, மோதிரம் இல்லை. மணிக்கட்டோடு கட்டம் முடிந்துவிட்டது. துண்டின் நிழலாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். நிழலுக்கு நகம் இருக்காது. அதைவிட, கட்டிலின் இடது பக்கம் சுவரை ஒட்டிக் கிடந்தது. அங்கே ஒரு பூனை நிற்கக்கூட இடமில்லை.

மேலே மின்விசிறி கிறுக்கிறுக்கென்று சுற்றியது. காதருகே பிரேம் சூடாகி, சார்ஜரில் வெகுநேரம் கிடந்த போனைப் போல் லேசாக வாடை அடித்தது. அன்றைக்கு அவள் கட்டிலை இழுத்து நடு அறையில் போட்டாள்.

அடுத்த வாரம் அவரைக்காய் ஆய்ந்த வீடியோவும் திரும்பி வந்தது. அதே காரணம். இந்த முறை அந்தக் கை படுத்திருக்கவில்லை. அவள் வலது கை காயின் நுனியைக் கிள்ளி நாரை இழுத்ததும், ஒரு நொடி கழித்து, முறத்துக்கு அந்தப் பக்கம், காற்றில், அதுவும் கிள்ளி இழுத்தது. அதன் விரல்களில் காய் இல்லை. பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து எழுதுகிற பிள்ளையைப்போல் அவசரமும் தடுமாற்றமுமாகச் செய்தது. வீடியோவின் முடிவில் தடுமாற்றம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கிள்ளின.

அவளுக்குப் பயம் வந்தது. இளவரசுவிடம் போனில் சொன்னாள். கேமரா கோளாறாக இருக்கும், போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்றான். அவனுக்கு எந்த வியாதிக்கும் அதுதான் மருந்து.

புதன்கிழமை காலை கொடியிலிருந்து துண்டுகளை அள்ளி வந்து கட்டிலில் போட்டு, ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அடுத்து என்ன செய்ய வேண்டும்? மூலையோடு மூலை சேர வேண்டும் என்பது புத்திக்குத் தெரிகிறது. கைகளுக்குத் தெரியவில்லை. ஒரு மூலையைக் கொண்டுபோனால் இன்னொன்று நழுவியது. கடைசியில் துண்டைச் சுருட்டி அலமாரியில் திணித்தாள். மறுநாள் அவரைக்காய். அதற்கடுத்த நாள் தேங்காய் துருவுவது. எதையெல்லாம் நாற்பது தடவை செய்து காட்டினாளோ அதெல்லாம் வரிசையாக, ஒன்று தப்பாமல், அவள் கைகளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் காலை பத்திலிருந்து ஒரு மணிவரை வரிசையில் நின்றாள். நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார்கள். வரும் வழியெல்லாம் ஒரே ஒரு நினைப்பைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தாள். போனால் போகட்டும், துண்டும் தேங்காயும் யாருக்கு வேண்டும்? குழந்தையைப் பதிவு செய்யவே இல்லை. கயலுக்குச் சோறு ஊட்டுவது, தட்டித் தூங்கவைப்பது, ரெட்டைச் சடை பின்னுவது, இவையெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கயல்விழிக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மரு உண்டு, சீப்பு பட்டால் உயிர் போகும். மாலதி தன் சுண்டுவிரலை அந்த மருவின் மேல் வைத்து மூடிக்கொண்டேதான் வாருவாள். அந்த விரல் எப்போது அங்கே போகிறது, எப்போது வருகிறது என்று அவளுக்கே தெரியாது. குழந்தை பிறந்ததிலிருந்து அதற்கும் அந்த விரலுக்கும் உள்ள சங்கதி அது. அதை எந்தக் கம்பெனி எடுத்துப் போகும்?

அன்று மாலை சடையை அவிழ்த்துச் சிக்கெடுக்கும்போது நிலைக்கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்திருந்த கயல்விழி, அதில் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, ஒன் கண்ணாடில வெளக்கு எரியுது."

மாலதியின் கை நின்றது.

"எப்ப இருந்து?"

"எனக்குத் தல சீவுறப்பல்லாம் எரியுமே. சோறு ஊட்டுறப்பவும் எரியும். தூங்கவெக்கறப்ப அதப் பாத்துக்கிட்டேதான் நான் தூங்குவேன்."

நிலைக்கண்ணாடியைப் பார்த்தாள். அவள் நெற்றியோரம், அரிசி முனை அளவுக்கு, வெள்ளையாக, இமைக்காமல் எரிந்தது. பதிவு தொடங்கியது என்று காதருகே எந்தக் குரலும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பட்டம்மாளிடம் விட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினாள். கிளம்பும் முன் சடை பின்னினாள். பின்ன முடிந்தது. ஆனால் சுண்டுவிரல் எங்கே போக வேண்டும் என்று யோசித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. குழந்தை இரண்டு தடவை வலிக்கிறது என்றாள்.

கீழ வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் ஜெயப்பிரகாஷின் அறை. ஞாயிறானாலும் திறந்திருந்தது. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைத்தது போலவே இருந்தன, யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல. பக்கத்தில் அவள் மகள் டம்ளரைப் பிடித்து அவளுக்கு டீ புகட்டினாள்.

மாலதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அறை முழுக்க ஒரே மூட்டமாகியது. இனிமேல் வேண்டாம் என்றாள்.

ஜெயப்பிரகாஷ் நல்ல பையன்தான். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை என்பதுதான் கொடுமை. மேலே யார் இருக்கிறார்கள் என்றே தனக்குத் தெரியாது, தானும் ஒரு ஆப்பைத்தான் பார்க்கிறேன் என்றான். "ஆனா ஒங்க வீடியோ இப்ப ஒண்ணுகூட திரும்பலியேக்கா. நேத்து அனுப்புனது அத்தனையும் ஓகே ஆயிடுச்சு. ரெண்டே கைதான்."

நேற்று அவள் எதுவும் அனுப்பவில்லை.

போனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். அவளுடைய கட்டில். அவளுடைய நீலத் துண்டு. இரண்டு கைகள் மூலையோடு மூலை சேர்த்து, நீவி, மடித்து, அடுக்கின. வேகமாக, ஒரு பிசகு இல்லாமல். மணிக்கட்டில் வளையல் இல்லை. நேரம் காலை பதினொன்று இருபது. அந்த நேரத்தில் அவள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தாள். கண்ணாடி அவள் முகத்தில் இருந்தது.

நாற்காலியில் இருந்தவள் பேசினாள். கிள்ளை என்கிற கடலோர ஊரிலிருந்து வந்த மங்கலம் என்று பிறகு மகள் சொன்னாள்.

"மொதல்ல எறா உரிக்கறது போச்சு. அப்புறம் சோறு பெசையறது. இப்ப சீல கட்டக்கூட வரல. கண்ணாடிய நான் போன மாசமே குடுத்துட்டேம்மா."

மாலதி அவள் பக்கம் திரும்பினாள். மூட்டத்துக்குள் முகம் தெரியவில்லை.

"குடுத்தும் நிக்கலியா?"

"ஊட்ல வேல அதும்பாட்டுக்கு நடக்குது," என்றாள் மங்கலம். "கொழம்பு கொதிக்குது, பாத்தரம் கழுவிக் கெடக்குது. நான் செய்யல. எம் பேரன் எங்கிட்ட வர்றதில்ல இப்ப. அதுங்கிட்டதான் போறான்."

கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு மாலதி இறங்கினாள்.

பஸ் போர்டைப் படிக்க முடியாமல் கண்டக்டரைக் கேட்டு ஏறினாள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர்களை இறக்கியதும் உள்ளே ஈரத்துணி வாடையும் டீசல் வாடையும் கலந்து மூச்சு முட்டியது. துப்பட்டா முனையில் தொங்கிய நூல்களில் மூன்று புரியைப் பிரித்து, கண்ணுக்கு அருகே பிடித்து, பின்னிப் பார்த்தாள். வலதைத் தூக்கி நடுவில் போட்டாள். பிறகு எது? இடதா? நடுவில் இருந்ததா? மறுபடி பிரித்தாள். வலதை நடுவில். பிறகு. பிறகு. புதுச்சத்திரம் வந்தது. ஆலப்பாக்கம் வந்தது. நூல் விரலிலிருந்து நழுவியது. மறுபடி அதை எடுக்க விரல்கள் வரவில்லை.

அழுதாள். கண்ணைத் துடைக்கக் கை எழும்பவில்லை.

செம்மண்டலத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. கரண்ட் இல்லை. கெடிலம் ஆற்றுச் சேற்று வாடை மழையோடு தெரு முழுக்க நின்றது. பட்டம்மாள் வாசலில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலதி குழந்தையைக் கேட்டாள்.

"என்னாடி கேக்கற? நீதான வந்து கூட்டிக்கினு போன."

"நான் இப்பதான் வர்றேன்க்கா."

"மாடிப்படிலேந்து கைய நீட்டுனியே. அவளும் 'அம்மா'ன்னு புடிச்சிக்கினு ஏறிட்டா. கரண்ட் இல்ல, மொகத்த எங்க பாத்தேன் நானு."

மாலதி படியேறினாள். கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. தோளைச் சுவரில் உரசி ஏறினாள். பதினாறு படி. மேலே கதவு திறந்திருந்தது. சாவி அவள் பையில் இருந்தது.

உள்ளே தேங்காய் எண்ணெய் வாசம்.

சீப்பின் சத்தம். மெதுவாக. உச்சியிலிருந்து நுனிவரை. நின்று, மறுபடி உச்சியிலிருந்து.

நடு அறையில் தரையில் ஒரு சின்ன வெளிர் உருவம், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கயல்விழியின் மஞ்சள் கவுன். அதன் தலைக்கு இருபுறமும் இரண்டு வெளிர்த் தடங்கள் அசைந்தன. மேலே, கீழே. மேலே, கீழே. அவற்றுக்குப் பின்னால் இருட்டு. இருட்டு மட்டும்.

"கயலு," என்றாள். குரல் வந்தது. குழந்தை திரும்பவில்லை.

"காலைல வலிச்சிச்சும்மா," என்றாள் கயல்விழி, அந்தக் கைகளிடம். "இப்ப மரு மேல வெரல வச்சிக்கினே சீவுறியா, வலிக்கவே இல்ல."

ஓட வேண்டும். பிடுங்க வேண்டும். குழந்தையை வாரி எடுக்க வேண்டும். மாலதி ஓடினாள். மண்டியிட்டாள். தூக்கு என்று தன் கைகளுக்குச் சொன்னாள். அவை தொடைமேல் கிடந்தன. கன்னத்தால் குழந்தையின் தோளை முட்டினாள். கயல்விழி முகம் சுளித்து நகர்ந்து, அந்த இருட்டோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"தள்ளுங்க. எங்கம்மா தல சீவுறாங்க இல்ல."

சீப்பு நின்றது.

இருட்டில், ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி எரிந்தது. லென்ஸ் இல்லாத அவள் கண்ணுக்கு அது தட்டு அளவுக்கு ஊதித் தெரிந்தது. அது மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் முகத்தை. பிறகு கீழே, மடியில் கிடந்த அவள் கைகளை. அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு குனிந்து, சடையின் மூன்று புரிகளையும் பிரித்து, பின்னத் தொடங்கியது.