முதலில் ரேகை, பிறகு பெயர்

மருத்துவமனையின் அடித்தளத்துக்கு இறங்கும் படிகள் இருபத்திரண்டு. மூன்று நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. முழங்கால் மட்டும் மறக்கவில்லை.

மூன்றாவது மாடியில் அவள் மகள் கண் திறக்காமல் கிடந்தாள். பத்தொன்பது வயசு. பஸ்ஸுக்கு ஓடும்போது சுருண்டு விழுந்தவள். "உங்க பக்கத்துல இப்படித் திடீர்னு போனவங்க யாரு, எந்த வயசுலன்னு தெரியணும்மா. இது ரத்தத்துல வர்ற வியாதியான்னு அப்பதான் சொல்ல முடியும்," என்று டாக்டர் கீழே அனுப்பியிருந்தார்.

அப்படிப் போனவர்களில் அவளுக்குத் தெரிந்தது அப்பா ஒருவர்தான். அவளுடைய பதினாலாவது வயசில், இதே கட்டடத்தில் போய்ச் சேர்ந்தவர். அவருக்கு முந்தியவர்களைத் தேடித்தான் இந்தப் பதிவறை.

வெளியே பட்டப்பகல். உள்ளே ஒற்றை டியூப்லைட், இருமலுக்கு நடுவே மூச்சு வாங்குவதைப் போல விட்டுவிட்டு எரிந்தது. நனைந்த சுவரும் பழைய காகிதமும் சேர்ந்த ஒரு வாடை.

அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். இருபது வருஷமாக ஊரார் பிழைகளைப் பொறுக்கிய கண்கள் இங்கே தோற்றன. குடும்பப் பெயர் ஒரு பதிவேட்டில் இரட்டை எழுத்தோடு இருந்தது, அடுத்ததில் ஒற்றையாக. ஒன்றில் வால் இல்லை. இன்னொன்றில் தலையே வேறு.

"ஒருத்தர்கூட எங்க பேரை ஒழுங்கா எழுதலையா?" என்றாள்.

"சொன்னவங்க அழுதுகிட்டே சொல்லியிருப்பாங்க. எழுதினவன் பசியோட எழுதியிருப்பான்," என்றார் குமாஸ்தா, செருப்பைத் தேய்த்தபடி வந்து. "பேரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க மேடம். கடைசிக் கட்டத்தைப் பாருங்க. சாவைச் சொல்ல வந்தது யாருன்னு அதுல இருக்கும். ஒரே வீட்டு ஆளுங்கதான் திரும்பத் திரும்ப வருவாங்க. நான் அப்படித்தான் குடும்பத்தைப் பிடிப்பேன்."

அவள் அப்பாவின் பதிவை எடுத்தாள். கடைசிக் கட்டத்தில் கையெழுத்து இல்லை. பெருவிரல் ரேகை. ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. பக்கத்தில் உறவு: தங்கை.

அப்பாவுக்குத் தங்கை கிடையாது.

ஒற்றைப் பிள்ளை அவர். தாத்தாவும் அப்படித்தான். அவளும், அவள் மகளும்கூட. "நம்ம வம்சத்துல தொட்டிலுக்கு ரெண்டாவது வேலையே வந்ததில்ல" என்று அப்பா சிரிப்பார்.

எழுதியவன் தூங்கியிருப்பான் என்று நினைத்து, தாத்தா இறந்த வருஷத்தைப் புரட்டினாள். பெயரில் பாதியைக் காணோம். வயசும் தெருவும் சரி. நாற்பத்தொன்று, திடீர் மரணம். கடைசிக் கட்டத்தில் ரேகை.

அதே தழும்பு. தங்கை.

அதற்கும் முந்திய, கொள்ளுத்தாத்தாவின் பதிவேட்டில் தாள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மை மட்டும் உதிரவில்லை.

தங்கை.

"சார், இங்க வாங்களேன்."

குமாஸ்தா மூன்று பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏதோ சொல்லிச் சிரிக்க வந்த வாய் பாதியில் நின்றது.

"இந்தத் தழும்பை நான் பாத்திருக்கேன்."

"எங்க?"

"இன்னைக்குக் காலையில."

இந்த வருஷப் பதிவேட்டைத் திறந்தார். கடைசி வரியில் பெயர் இல்லை, வயசு இல்லை, தேதி இல்லை. ரேகையும் உறவும் மட்டும்.

"அழுதுகிட்டே எந்திரிச்சுப் போயிடுவாங்க மேடம். அப்புறம் ரேகைக்கு வீடு வீடா அலையணும். அதனால முதல்ல ரேகையை வாங்கிடுவோம். மத்ததெல்லாம் அப்புறம்தான்." அவர் குரல் இறங்கியது. "பேரு கேட்டேன். 'மேல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்'னாங்க."

"மேலன்னா?"

"மூணாவது மாடின்னாங்க. இருங்க, வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கிட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம் படியில் ஏறி மறைந்தது.

அவள் அழிப்பானை எடுத்துத் தேய்த்தாள். தாள் சுருண்டது. ரேகை அசையவில்லை. சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுத்தாள். கோடு ரேகையின் விளிம்பு வரை வந்தது.

அதற்கு மேல் பேனா எழுதவில்லை.

காலியான பெயர்க் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுகை வரவில்லை. மூன்று நாளாகத் தூங்காத உடம்புக்கு அழுவதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது.

பிறகு பேனாவை உதறி, தன் பெயரை எழுதினாள். நிதானமாக, குடும்பப் பெயரோடு, ஒரு எழுத்துப் பிசகாமல். வயசு நாற்பது. எழுதிய கைப்பழக்கத்தில் ஒருமுறை சரிபார்த்தாள்.

செல்போன் அதிர்ந்தது. கணவன்.

"கண்ணைத் திறந்துட்டா. தண்ணி கேக்குறா. டாக்டரே நம்ப மாட்டேங்குறாரு. எங்க இருக்கே நீ?"

"கீழதான். அவகிட்ட யாராவது வந்தாங்களா?"

"ஆமா, கேக்கணும்னு இருந்தேன். காலையிலேருந்து ஒரு அம்மா கட்டில்கிட்டயே உக்காந்திருந்தாங்க. பிள்ளையையே பாத்துக்கிட்டு. கட்டை விரல் பூரா மை. யாருன்னு கேட்டா, உன் தங்கைன்னாங்க. உனக்கு ஏதுடி தங்கை?"

"இப்ப எங்க அவங்க?"

"இப்பதான் எந்திரிச்சாங்க. 'பேரு கிடைச்சிடுச்சு'ன்னு சொல்லிட்டுக் கீழ இறங்கிப் போனாங்க."

"சரி," என்றாள். "அவளுக்குத் தண்ணியை வெதுவெதுப்பாக் குடுங்க. ஒரேயடியாக் குடுக்காதீங்க."

போனை மேசைமேல் வைத்தாள். உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதல்முறையாக முழங்கால் வலிக்கவில்லை.

டியூப்லைட் அணைந்தது.

இருபத்திரண்டு படிகள். வெறுங்கால் ஒன்று அவசரமில்லாமல் இறங்கி வந்தது. அவள் எண்ணினாள். இருபது. இருபத்தொன்று.

கடைசிப் படியின் சத்தம் கேட்கவில்லை.

அவள் எதிரே, மேசைமேல் மூடி வைத்திருந்த, ரேகை எடுக்கும் மைப்பெட்டி, டக்கென்று திறந்துகொண்டது.

"தேதியையும் எழுதிடுக்கா," என்றது, காதுக்கு வெகு பக்கத்தில்.