ஒத்துப்போன நாலு தாள்கள்

பதினேழாம் எண் தாள் மட்டும் ஒத்துப்போகவில்லை. இருக்க வேண்டிய இடத்தைவிட முப்பத்துநான்கு மில்லிமீட்டர் மேலே நிற்பதாக லேப்டாப் காட்டியது. வேறு யாராவது என்றால் இரண்டு விரற்கடைதானே என்று விட்டிருப்பார்கள். இவனைத் தொழிலில் எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மில்லிக்கு மேல் பிழை வந்தால் இவனுக்குச் சோறு இறங்காது.

அன்று சோறு இறங்காததற்கு வேறு காரணமும் இருந்தது. அந்தப் பழைய கட்டடத்தின் வாடை. மத்தியானம் இரண்டு மணிதான், ஆனால் ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடைத்திருந்ததால் இரண்டாம் மாடிக் கூடத்தில் லேப்டாப் வெளிச்சமும் பலகை இடுக்கில் கசிந்த கொஞ்சம் வெயிலும் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அரையிருட்டில் திரிந்த பாலும் பல நாள் பிழியாத தரைத்துணியும் கலந்தது போன்ற ஒரு நாற்றம் மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மில்லி கதவுப் பிடியைத் தொட்டாலே கை கழுவுகிற ஆள். காலையிலிருந்து ஏழு முறை கழுவிவிட்டான். விரலில் பிசுக்கு போனபாடில்லை.

வேலை சிக்கலானது ஒன்றுமில்லை. ஸ்கேனர் ஒரே இடத்தில் சுழன்று சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் லேசரால் தொட்டுப் புள்ளிகளாக அள்ளிக்கொண்டுவரும். ஆனால் ஒரு மாடி இன்னொரு மாடியைப் பார்க்க முடியாதே. அதனால் சுவர்களில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாள்களை ஒட்டி, தெருவில் அடித்த ஓர் ஆணியிலிருந்து ஒவ்வொன்றின் இடத்தையும் முதல் நாளே அளந்து வைத்திருப்பார்கள். அந்தத் தாள்களைக் கொண்டுதான் மாடிமேல் மாடியாகக் கட்டடத்தை லேப்டாப்பில் அடுக்குவது. மூன்றாம் மாடிக் கூடத்தில் நாலு தாள்கள். அதன் வாசலுக்கு வெளியே, படிக்கட்டுச் சுவரில், இந்தப் பதினேழு.

"என்ன மாப்ள, இன்னும் அந்தப் பதினேழோடதான் மல்லுக்கட்டுறீங்களா?"

மச்சான். மனைவியின் அண்ணன். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவரை இரண்டு மாதம் முன்பு மில்லிதான் இழுத்து வந்தான். "தாள் ஒட்டுற வேலைதான், எங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று மனைவி கேட்டபோது, பஸ் படியில் தொங்கினதைவிட இது பத்திரம் என்று சொன்னவனும் இவன்தான்.

"நாலும் பிசிறில்லாம பொருந்துது மச்சான். இது ஒண்ணுதான் அடம் பிடிக்குது."

"நாலு பேரு ஒண்ணு சொல்றாங்க, ஒத்தை ஆளு வேற சொல்றான். ஊரோட ஒத்துப் போகாதவனை வண்டியை விட்டு இறக்கிவிடுங்க மாப்ள."

பொருந்தாத தாளைக் கணக்கிலிருந்து நீக்குவது தொழிலில் வழக்கம்தான். மில்லி நீக்கினான். பிழை ஒரு மில்லி என்று பச்சையில் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

"முடிஞ்சது மச்சான். நீங்க மேல போய்த் தாளை எல்லாம் உரிச்சிட்டு வந்துடுங்க. இந்த நாத்தத்துல இனி ஒரு நிமிஷம் இருக்க முடியாது."

மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டே படியேறினார். செருப்புச் சத்தம் மேலே போய், கூடத்துக்குள் நுழைந்ததும் சட்டென்று அமுங்கியது. மெத்தையில் நடந்தால் அப்படித்தான் அமுங்கும்.

மில்லிக்கு மனசு ஆறவில்லை. படிக்கட்டில் எடுத்த ஸ்கேனைத் திறந்து பதினேழைச் சரிபார்த்தான். அதே படிக்கட்டுச் சுவரில் இருந்த பதினாறோடு ஒத்துப்போனது. பதினெட்டோடும் ஒத்துப்போனது. தெருவில் இருக்கும் ஆணியோடும் மயிரிழை பிசகவில்லை. அப்படியானால் பதினேழு அசையவில்லை. பொய் சொல்வது அந்த நாலும்தான். நாலும் ஒரே அளவு சேர்ந்து நகர்ந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துத்தானே போகும்.

மூன்றாம் மாடி இறங்கியிருக்கிறது. காலையில் அங்கே எடுத்த மூன்று ஸ்கேன்களையும் தனித்தனியாகப் பார்த்தான். முதலாவதில் இறக்கம் முப்பத்துநான்கு. அடுத்ததில் பன்னிரண்டு. அதற்கடுத்ததில் மறுபடி முப்பத்துநான்கு.

கட்டடம் இறங்கும். இறங்கியது ஏறாது.

லேப்டாப் திரையில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தான். தண்ணீர் இல்லை. வெதுவெதுப்பாக, விரலுக்கும் திரைக்கும் நடுவே நூலாக இழுபட்டது. அண்ணாந்து பார்த்தான். கூரையின் சுண்ணாம்பு, ஆறிய பாலின் ஆடை போலச் சுருங்கி, விரிந்து, சுருங்கிக்கொண்டிருந்தது. கையைச் சட்டையில் தேய்த்தான். பிறகு அந்தச் சட்டையையும் உடம்பில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை.

போன் அடித்தது.

"மாப்ள, தாள் உரிய மாட்டேங்குது." மச்சானின் குரல் வாய் நிறைய எதையோ வைத்துப் பேசுவதுபோல் இருந்தது. "இழுத்தா சுவரும் சேந்து வருது. சூடா இருக்கு மாப்ள. இதுக்கு முடி இருக்கு."

"மச்சான், விட்டுட்டு வெளிய வாங்க. இப்பவே."

"காலு வர மாட்டேங்குது."

ஓடினான். படிக்கட்டு காய்ந்த சிமெண்டாக, உறுதியாக இருந்தது. பதினேழாம் தாள் தன் இடத்தில் அசையாமல் நின்றது. அதைத் தாண்டி வாசல். காலையில் ஸ்கேனரைத் தோளில் வைத்துக்கொண்டே நுழைந்த வாசல். இப்போது பக்கவாட்டில்தான் ஓர் ஆள் நுழையலாம். விளிம்பு தடித்திருந்தது. ஈரமாக இருந்தது.

உள்ளே நாற்றம் முகத்தில் அறைந்தது.

நாலு தாள்கள். நாலு சுவரில் இருந்தவை இப்போது கைக்கெட்டும் தூரத்தில். நடுவே மச்சான். நெஞ்சு வரை தரைக்குள். தரை வெளுத்து, வியர்த்து, அவர் அக்குளைச் சுற்றி இறுகிப்பிடித்திருந்தது. மூக்கிலும் வாயிலும் வெள்ளையாக ஏதோ வழிந்தது. கண் மட்டும் மில்லியைப் பார்த்தது.

கையை நீட்டினார்.

மில்லி வாசலில் ஒருக்களித்துப் படுத்து அந்தக் கையைப் பிடித்தான். இழுத்தான். வந்தது. கொஞ்சம் வந்தது. பிறகு மணிக்கட்டுத் தோல் அவன் உள்ளங்கைக்குள் தளர்ந்து, சுருண்டு, உரிந்தது. வெதுவெதுப்பு. பிசுக்கு. விரலிடுக்கில் நூல் நூலாக.

விடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

கை தானாக உதறிக்கொண்டது.

நாலு தாள்களும் ஒன்றாக இறங்கின. மச்சானும் இறங்கினார்.

நாலும் ஒன்றாக ஏறின.

மச்சான் ஏறவில்லை.