நான்காவது மணி

நான்காவதாக அவர் மணியடித்து முடித்த பிறகு, பின்னாலிருந்து ஐந்தாவதாக ஒரு மணி அடித்தது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. யாரோ கட்டைவிரலால் பாதி அழுத்திவிட்டு, வேண்டாம் என்று எடுத்துக்கொண்டதுபோல ஒரு சின்ன 'ட்ரி'. அவர் சைக்கிளை மிதிப்பதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தார். தீவின் ஒரே தார்ச்சாலை அவருக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் நெடுநெடுவென்று மரங்கள், மரங்களுக்கு அப்பால் கடலின் இரைச்சல், சாலையின் கோடியில் வெள்ளையாகப் பனி. வேறொன்றும் இல்லை.

இன்னொருவராக இருந்தால் எதிரொலி என்று விட்டிருப்பார். இவரால் முடியவில்லை. இவர் சரக்கு ரயிலில் கார்டு. இருபத்திரண்டு வருடங்களாகக் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து போகிறவர். முன்னால் ஐம்பது பெட்டி இருக்கலாம், அறுபது இருக்கலாம். பின்னால் மட்டும் எதுவும் இருக்கக் கூடாது. அவருடைய வேலையே அதுதான்.

இந்தத் தீவில் கார் கிடையாது. மனைவி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். "அஞ்சு நாள் ஹாரன் சத்தம் கேக்காம இருந்தா எனக்கு ஆயுசு பத்து வருஷம் கூடும்" என்றாள். காரை அக்கரையில் நிறுத்திவிட்டுப் படகில் வந்து, படகுத்துறையிலேயே நான்கு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தார்கள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள் என்பதால் மனைவி முன்னால். அடுத்து பதின்மூன்று வயது மகள். அதற்கடுத்து, மஞ்சள் தொப்பியோடு ஏழு வயது மகன். வீட்டில் எல்லோருக்கும் அவன் பட்டாணி. கடைசியில் கார்டு, கழுத்தில் ஒரு பச்சைத் துண்டு. காலையில் கிளம்பும்போது அதைக் கொடிபோல மேலும் கீழும் அவர் அசைத்துக் காட்டினால்தான் பட்டாணி பெடலில் கால் வைப்பான்.

மணி அடிக்கிற ஏற்பாடும் அவருடையதுதான். வளைவுக்கு வளைவு மனைவி ஒரு மணி அடிக்க வேண்டும். அடுத்து மகள், அடுத்து பட்டாணி, கடைசியில் அவர். நான்கும் விழுந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பின்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினால் சின்னவன் நேராகப் பள்ளத்தில்தான் போய் விழுவான் என்பது அவர் கணிப்பு. இன்னொரு சட்டமும் உண்டு. யார் வண்டி நின்றாலும் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. கடைசியில் வருகிற அப்பா அந்த இடத்தைக் கடந்துதானே ஆக வேண்டும்.

"வேலைக்குப் போனாலும் ரயில், லீவுக்கு வந்தாலும் ரயில்" என்று மகள் அலுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு வளைவில்கூட அவள் மணியடிக்கத் தவறவில்லை.

இன்று கடைசி நாள். பைகளைக் காலையிலேயே படகுத்துறையில் கொடுத்துவிட்டு, தீவின் மறுகோடியில் இருக்கும் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போனார்கள். அங்கே பட்டாணி தன் மணியைத் திருகித் திருகி, அதன் மூடியைக் கையோடு கழற்றிவிட்டான். உள்ளே இருந்த திருகாணி புல்லில் விழுந்து காணாமல் போனது.

"ஒரு நிமிஷம் கை சும்மா இருக்காதே உனக்கு" என்று சொல்லி, மூடியை வாங்கித் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப நான் எப்படிப்பா அடிக்கறது?"

"வாயால அடி."

"டிங்!" என்றான் பட்டாணி. அது அவனுக்கு மணியைவிடப் பிடித்துப்போனது. அதற்கப்புறம் வளைவு வரும் வரைக்கும் பொறுமையில்லாமல் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஆறு மணிக்குக் கடைசிப் படகு. இப்போது ஐந்து பத்து. அடுத்த வளைவில் மனைவியின் மணி கணீரென்று விழுந்தது. மகளுடையது. பிறகு "டிங்!" அவர் தன் மணியை அடித்தார். அடித்துவிட்டு, தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ட்ரிங்.

இந்தத் தடவை முழுதாக அடித்தது. முன்பைவிடக் கிட்டத்தில்.

"ஏம்மா, யாராவது ரெண்டு தடவ அடிச்சீங்களா?" என்று முன்னால் பார்த்துக் கத்தினார்.

"நீங்கதான் அடிச்சிருப்பீங்க!" மனைவியின் குரல் காற்றில் மிதந்து வந்தது. "படகு போயிடும், பேச்சை விட்டுட்டு மிதிங்க!"

மிதித்தார். கடலிலிருந்து எழுந்த பனி மரங்களுக்கிடையில் புகுந்து சாலையைத் தொட்டுவிட்டிருந்தது. முதலில் மனைவி மங்கினாள், பிறகு மகள். பட்டாணியின் மஞ்சள் தொப்பி மட்டும் கொஞ்ச தூரம் முன்னால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஈரமண் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. நனைந்த துணியைக் காயவைக்காமல் நாலு நாள் மூட்டைகட்டி வைத்தால் வருமே, அந்த நாற்றம். கடல் பக்கத்திலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. தன் சைக்கிளின் சங்கிலிச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சங்கிலி ஓடுவதையும் அவர் கேட்டார். அவர் வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக ஓடியது. மெதுவாக்கினால் மெதுவானது.

அவருக்குப் பயமாக இருந்தது. நடுக்காட்டில் ராத்திரி முழுக்க நின்றுபோன ரயிலின் கடைசிப் பெட்டியில், ஒரு விளக்கை வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறார். அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை. அங்கே அவர் ஒருவர்தான். இங்கே முன்னால் பிள்ளைகள் போகிறார்கள். பின்னால் வருவது தன்னைத் தாண்டிப் போய்விட்டால்?

சட்டென்று பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றார். அவர் சக்கரம் நின்றது. பின்னால் ஒரு சக்கரம் இன்னும் இரண்டு சுற்று, டிக் டிக் டிக் டிக் என்று சுற்றிவிட்டு நின்றது.

"யாரது?"

பனி. மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர். அந்த நாற்றம்.

"யாருங்க? வழி வேணும்னா போங்க!"

காதோரம் குளிர்ந்த காற்று ஒன்று உரசிக்கொண்டு போனது. அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டியை உதைத்துக் கிளம்பி, கண்மண் தெரியாமல் மிதித்தார். பின்னால் பார்த்துக்கொண்டு ஓட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டவர், கழுத்தை முழுக்கப் பின்னால் திருப்பியபடியே ஓட்டினார். சாலையோரக் கிளை ஒன்று தோளைக் கீறியது. ஏதோ ஒரு சத்தம் பக்கத்தில் கேட்டுப் பின்தங்கிப் போனது. பறவையாக இருக்கும். நிற்கவில்லை. முன்னால் மஞ்சள் தொப்பி தெரிகிற வரைக்கும் அப்படியே மிதித்தார்.

தொப்பி தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த வளைவு. மனைவியின் மணி. மகளின் மணி. மூன்றாவது மணி. அவர் தன்னுடையதை அடித்தார். காத்திருந்தார். ஐந்து எண்ணினார், பத்து எண்ணினார்.

எதுவும் அடிக்கவில்லை.

பின்னால் சங்கிலிச் சத்தமும் இல்லை. நான்கு பேர், நான்கு மணி. கணக்குச் சரியாக இருந்தது. 'இந்த வயசில் பேய்க்குப் பயந்து ஓடியிருக்கிறேன், மகளுக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிடுவாள்' என்று நினைத்து, சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"என்ன பட்டாணி, கால் வலிக்குதா?"

அவன் பேசவில்லை. குனிந்த முதுகு, ஏறி இறங்கும் முழங்கால்கள். கோபம் போலிருக்கிறது. நாற்றம் மட்டும் இன்னும் போகவில்லை. இப்போது அது எதிர்க்காற்றில் வந்தது.

அடுத்த வளைவிலும் நான்கு மணியும் ஒழுங்காக விழுந்தன. முகமெல்லாம் வேர்த்திருந்தது. துண்டால் துடைத்துக்கொள்ளலாம் என்று கழுத்தைத் தொட்டார், துண்டு இல்லை. ஓடிவந்த வேகத்தில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். போகட்டும் என்று கைக்குட்டைக்காகக் கால்சட்டைப் பையில் கையை விட்டார்.

விரலில் தட்டுப்பட்டது குளிர்ந்த இரும்பு. வட்டமாக. குழிவாக.

பட்டாணியின் மணி மூடி.

கால்கள் தாமாகவே நின்றன. முன்னால் மஞ்சள் தொப்பியும் நின்றது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, திரும்பாமல், காத்திருந்தது.

மூன்றாவது மணி. இரண்டு வளைவிலும். அவரே கேட்டார். அவரே எண்ணினார்.

அப்போது பின்னாலிருந்து, வெகு தூரத்திலிருந்து, அழுகையில் உடைந்த ஒரு சின்னக் குரல் வந்தது.

"டிங்... அப்பா... டிங்..."

முன்னால் மனைவியும் மகளும். அவர்களுக்குப் பின்னால் அது. தனக்குப் பின்னால் பட்டாணி, தனியாக. "நில்லு! அங்கயே நில்லுங்க, ரெண்டு பேரும்!" என்று மனைவி இருந்த திசையில் கத்தினார். கத்தியது அவர்களுக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. வண்டியைத் திருப்பினார்.

பாதி வழியில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. வருவது கேட்டது. பார்க்க முடியவில்லை. பனி கனத்து, ஓர் ஆள் உயரத்துக்குக் கறுத்து, அவருடைய கையை உரசிக்கொண்டு போனது. ஈரத்துணி உரசியது. யாரோ இலேசாகச் செருமினார்கள். கடைசிப் பெட்டியில் தூக்கம் வராமலிருக்க அவர் செருமுகிற அதே செருமல்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பயம். மகன்தான் முக்கியம் என்பதும் உண்மை, பயமும் உண்மை.

சாலையோரத்தில், சங்கிலி கழன்ற சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு ஓர் அடிகூட அசையாமல் பட்டாணி நின்றுகொண்டிருந்தான். தலையில் தொப்பி இல்லை. அவர் அவனை அள்ளி எடுத்து, கன்னத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தார். சூடாக இருந்தான். முத்தமிட்டபோது உப்புக்கரித்தது முகம். அவன்தான்.

"கூப்பிட்டேன்பா. நீங்க பாக்காமயே போயிட்டீங்க."

"அப்பா தப்புடா கண்ணு. தப்பு. தொப்பி எங்கடா?"

"அந்தப் பையன் எடுத்துக்கிட்டான்." விசும்பினான். "முதல்ல அந்தப் பையன் போனான். அப்புறம் நீங்க போனீங்க. அப்புறம் மறுபடியும் நீங்க போனீங்க."

அவர் சின்னச் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, அவனைப் பின்னால் உட்காரவைத்தார். "அப்பாவ இறுக்கிப் பிடிச்சுக்கோ." மிதித்தார். மூச்சு முட்டியது. மிதித்தார்.

தூரத்தில், பனிக்கு அந்தப் பக்கம், மணி அடித்தது.

ஒன்று. மனைவி.

இரண்டு. மகள்.

மூன்று.

"வேண்டாம்" என்று முனகினார். "வேண்டாம், வேண்டாம்."

நான்கு. அவருடைய மணி. அதே கரகரப்பு, அதே நீளம். அவருடைய கட்டைவிரல் கைப்பிடியில் அசையாமல் இருந்தது.

"நாலும் சரி! எல்லாரும் வந்தாச்சு!" மனைவியின் குரல், களைப்பும் சந்தோஷமுமாக. "சீக்கிரம் வாங்க, படகு நிக்குது!"

அவர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். மணியை அடித்தார், அடித்தார், விடாமல் அடித்தார். பனி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டது.

மரங்கள் முடிந்தன. படகுத்துறை. பூட்டிய வாடகைக் கடை. அதன் வாசலில், வரிசையாக, நான்கு சைக்கிள்கள். கடைசியில் நின்ற சின்னச் சைக்கிளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படகு கரையைவிட்டு விலகியிருந்தது. அதன் விளக்கொளியில் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. கம்பியைப் பிடித்தபடி மனைவி நின்றாள். அவள் தோளில் சாய்ந்து மகள். மனைவியின் வலது கை, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னத் தலையைத் தன் இடுப்போடு அணைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, படகின் கடைசியில், அவர்களுக்குக் காவலாக, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். அவருடைய உயரம். அவருடைய சட்டை.

பட்டாணி வண்டியிலிருந்து குதித்துத் துறையின் விளிம்புவரை ஓடினான். அப்பா சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கூவினான்.

"டிங்!"

தண்ணீருக்கு மேலே அது போய்ச் சேர்ந்தது. மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். கரையைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் பக்கத்தில் நின்ற மஞ்சள் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். அதை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டாள்.

படகின் கடைசியில் நின்றவன் பச்சைத் துண்டைக் கையில் எடுத்து, நிதானமாக, மேலும் கீழும் அசைத்தான்.