தேவமணி அக்கா ஐடி

“புது ஐடி எதுக்கு மேடம்? தேவமணி அக்கா ஐடியில போடுங்க. அதுலதான் எல்லாம் தொறக்கும்.”

“தேவமணி அக்கா இன்னைக்கு லீவா?”

“அவ்வோ இறந்து ரெண்டு வருசம் ஆவுது. ஐடி நல்லாத்தான் இருக்கு.”

வேலையில் சேர்ந்த முதல் நாள் பில்லிங் கவுன்டர் முத்துராணி என்னிடம் இதைச் சிரிக்காமல் சொன்னாள். நான்தான் சிரித்தேன். அதற்கு இன்றுவரை வருந்துகிறேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றை ஒட்டிய சின்னப் பிரசவ மருத்துவமனை அது. நோயாளிகளின் விவரங்கள் கம்ப்யூட்டரிலிருந்து தொலையாமல், வெளியாள் கண்ணில் படாமல் காப்பது என் வேலை. எனக்கு முன்னால் அதைச் செய்தவர் தேவமணி. மார்கழி வெள்ளத்தில் விவரங்களின் பிரதி இருந்த பேக்கப் டிஸ்க்கை எடுக்கக் கீழ்த்தள அறைக்குத் திரும்பிப் போனவர், மூன்றாம் நாள் வாழைத்தோட்டத்தில் கிடைத்தார். டிஸ்க் மட்டும் பாலித்தீன் பையில் பத்திரமாக, அலமாரி உச்சியில் இருந்தது.

அதே அறைதான் எனக்கும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் என் தோள் உயரத்தில் வெள்ளம் விட்டுப்போன வண்டல் கோடு மறுபடி தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரம், யார் எப்போது கம்ப்யூட்டருக்குள் நுழைந்தார்கள் என்ற பதிவேடுகளைப் பார்த்தேன். பில்லிங், லேப், மருந்துக்கடை என எல்லாருமே தேவமணியின் பெயரில்தான் உள்ளே போனார்கள். பாஸ்வேர்டு ஒவ்வொரு கீபோர்டுக்கு அடியிலும் ஒட்டியிருந்தது. அதோடு, பில்லிங்கும் லேப்பும் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை உட்பட, தினமும் மாலை ஐந்து இருபதுக்கு அதே பெயரில் யாரோ நுழைந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்திருந்தார்கள்.

யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

யாருக்கும் தெரியாமல் வந்து பிள்ளை பெற்றுப்போன பெண்களின் பெயர்களும் அதில் இருந்தன. ஒரு பெயர் வெளியே போனாலும் ஒரு குடும்பம் உடையும். வெளியாள் யாரும் நுழையவில்லை என்று சனிக்கிழமைக்குள் நான் நிர்வாகத்திடம் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

சனிக்கிழமை மதியம் ஆளுக்கொரு ஐடி கொடுத்தேன். தேவமணியின் ஐடியை அழித்தேன்.

“அக்கா கோவிச்சிக்கிடப் போறாவ,” என்றாள் முத்துராணி.

“கோவிச்சிக்கிட்டா எங்கிட்ட வரச் சொல்லு.”

அன்று நாலரைக்கே மழை இருட்டிவிட்டது. அறையின் இணையக் கேபிளையும் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்தேகாலுக்கு வாசலில் நிழல் தெரிந்தது. தேவமணியின் கணவர் ஜெய்சன். எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறார். தினமும் இந்த நேரத்தில் அங்கன வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார்.

“அண்ணே, தினமும் உள்ள நுழையுறது நீங்கதானா?”

“நான் இந்த மிசினைத் தொட்டதே இல்லம்மா.”

“அப்ப அஞ்சு இருபது வரைக்கும் என் கண்ணு முன்னால உக்காருங்க.”

அவர் தயங்கி வந்து, சுவரோர ஸ்டூலில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐந்து பத்தொன்பது.

முதலில் மணம் வந்தது. ஊறிய மண்ணும் அழுகிய வாழையும் கலந்த மணம்.

பிறகு என் பாதங்களில் குளிர் ஏறியது. குனிந்து பார்த்தேன். தரை உலர்ந்துதான் இருந்தது. ஆனால் முழங்கால்வரை புடவை ஈரமாகக் காலில் ஒட்டிக்கொண்டது.

எதிர் மேசையிலிருந்த கம்ப்யூட்டரில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

அங்கே யாரும் இல்லை.

திரையில் ஒரு பெயர் எழுத்தெழுத்தாக விழுந்தது. மதியம் நான் அழித்த பெயர். கதவு திறப்பதுபோல் திரை திறந்தது. பிரதி எடுக்கத் தொடங்கியது.

இந்த மருத்துவமனையில் நாற்பது பேர், இரண்டு வருடமாக, நாள் தவறாமல் அவள் பெயரைத் தட்டி உள்ளே அழைத்திருக்கிறோம். அவள் எங்கே போவாள்?

“உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?” ஜெய்சனிடம் கேட்டேன்.

“தெரியும். மணத்தை வச்சே தெரியும்.”

“பெறகு ஏன் யார்ட்டயும் சொல்லல?”

ஜெய்சன் அந்தக் காலி நாற்காலியையே பார்த்தார்.

“அன்னைக்கு இதே அஞ்சு இருபதுக்குத்தான் போன் பண்ணுனா. ‘முழங்காலுக்குத் தண்ணி வந்துட்டு, டிஸ்க்கை மட்டும் எடுத்துட்டு வந்திருதேன்’னா. நாக்கு நுனி வரைக்கும் ஒரு வார்த்தை வந்துது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குள்ள சண்டையே. வேலையை விடச் சொல்லுதேன்னு அழுவா. அதான் ‘சரி’ன்னு போனை வச்சிட்டேன்.” அவர் என் பக்கம் திரும்பினார். “இப்ப அவ காதுல விழுமாம்மா?”

குளிர் இடுப்புக்கு ஏறியிருந்தது. சுவரின் வண்டல் கோட்டிலிருந்து நீர் கசிந்து, கோடுகோடாக இறங்கியது.

“சொல்லிருங்க அண்ணே,” என்றேன்.

தட்டும் சத்தம் நின்றது.

நாற்காலி, பைய, அவர் பக்கம் திரும்பியது.

ஜெய்சன் கட்டிய கைகளைப் பிரித்தார்.

“போதும், தேவமணி. அதை அங்கனயே விட்டுட்டு வீட்டுக்கு வந்திரு.”